விக்டோரியா காலத்து ஓவியத்திலும் கிறிஸ்துமஸ் மேடையிலும் அரசவைக் கோமாளி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

விக்டோரியா மகாராணியின் அரசவையில் கோமாளி என்றொருவர் இருந்தாரா?

இல்லை. மன்னரைச் சிரிக்கவைப்பதற்காகவே சம்பளம் பெறும் அந்தப் பதவி இங்கிலாந்தில் 17ஆம் நூற்றாண்டின் நடுவிலேயே ஒழிந்துவிட்டது. முதலாம் ஜேம்ஸிடமும் அவர் மகன் முதலாம் சார்லஸிடமும் பணியாற்றிய ஆர்ச்சிபால்ட் ஆர்ம்ஸ்ட்ராங், பேராயர் லாடை இழிவாகப் பேசினார் என்று 1638இல் வேலையிலிருந்து நீக்கப்பட்டார். அவருடைய இடத்துக்கு மக்கிள் ஜான் என்பவர் வந்தார். 1642இல் உள்நாட்டுப் போர் மூண்டு, 1649இல் மன்னரின் தலையே துண்டிக்கப்பட்ட பிறகு கோமாளிக்குச் சம்பளம் கொடுக்க அரசவையே இல்லை. பின்னர் முடியாட்சி திரும்பியது. அந்தப் பதவி பழைய முறைப்படி திரும்பவில்லை. 1837இல் விக்டோரியா அரியணை ஏறியபோது, கடைசி அரசவைக் கோமாளி பணியாற்றிய காலம் ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள் பின்னால் போயிருந்தது. ஆகவே, அக்காலத்து இதழ்களிலும் நூல்களிலும் நாம் காணும் கோமாளிப் படங்களில் எதுவும் ஆளை நேரில் பார்த்து வரைந்ததன்று.

இல்லாமல் போன ஒருவர்மீது அந்தக் காலத்தவருக்கு அத்தனை ஆர்வம் எப்படி வந்தது?

வால்டர் ஸ்காட் 1819ஆம் ஆண்டின் இறுதியில் வெளியிட்ட 'இவான்ஹோ' நாவலில் செட்ரிக் என்னும் சாக்ஸன் பிரபுவின் வீட்டில் வாம்பா என்ற கோமாளி வருகிறான். தன் எஜமானைத் தப்பவைப்பதற்காகத் தன் உயிரையே பணயம் வைக்கும் அந்த வாம்பா, இடைக்காலம் என்றாலே கோட்டை, குதிரைவீரன், கோமாளி மூவரும் சேர்ந்து வரவேண்டும் என்ற எண்ணத்தை வாசகர் மனத்தில் ஊன்றினான். எய்ன்ஸ்வொர்த் 1842, 1843 ஆண்டுகளில் எழுதிய 'வின்ட்சர் காசில்' நாவலில் எட்டாம் ஹென்றியின் கோமாளியான வில் சாமர்ஸ் நடமாடுகிறார். அதற்குப் படம் வரைந்தவர்களுள் ஜார்ஜ் குரூக்ஷாங்கும் ஒருவர்.

நாவலோடு இது நிற்கவில்லை. ஸ்காட்லாந்தின் எக்லின்டன் பிரபு 1839 ஆகஸ்டில் தம் மாளிகையில் இடைக்காலக் குதிரைப்போர் விழா ஒன்றை உண்மையாகவே நடத்திக் காட்டினார். அதில் கழுதைமேல் ஏறிவந்து கோமாளி வேடம் புனைந்தவர் ராபர்ட் ரொனால்ட் மக்கியன். அவர் மேடை நடிகர், ஓவியர் என இரண்டு தொழிலும் அறிந்தவர். ஸ்காட்லாந்துக் குலங்களின் உடைகளை வரைந்து பின்னாளில் பெயர் பெற்றவரும் அவரே. முதல் நாள் கொட்டிய மழையில் விழா நனைந்து ஊர் சிரிக்கும் கதையாயிற்று என்பது வேறு செய்தி. கவனிக்க வேண்டியது, கோமாளி வேடத்துக்கு ஆள் தேடியபோது நாடகமும் ஓவியமும் தெரிந்த ஒருவரிடம்தான் போகவேண்டியிருந்தது என்பது. ஓவியமும் மேடையும் ஒன்றுக்கொன்று கடன் கொடுத்து வாங்கி இந்த உருவத்தை வளர்த்தன. இனி வரும் விடைகளில் பெரும்பாலானவை அந்தக் கொடுக்கல்வாங்கலைப் பற்றியவைதாம்.

கழுதைக் காது வைத்த குல்லாய், மணிகள், இருநிற உடை, கையில் பொம்மைத் தலைக்கோல்: இவை உண்மையில் அரசவைக் கோமாளிகள் அணிந்தவையா?

பாதி உண்மை. இவை வெறும் கற்பனை அல்ல. ஆனால் ஒரே ஆள் ஒரே நேரத்தில் இவ்வளவையும் அணிந்து மன்னர் முன் நின்றார் என்பதற்குச் சான்று மிகவும் மெலிந்தது.

ஹாம்ப்டன் கோர்ட் அரண்மனையில் எட்டாம் ஹென்றியின் குடும்பத்தைக் காட்டும், 1545ஆம் ஆண்டையொட்டி வரையப்பட்ட ஓவியம் ஒன்று உள்ளது. அதன் வலப்புற வளைவுக்குள் தோளில் குரங்கோடு நிற்பவர் வில் சாமர்ஸ் என்று கருதுகிறார்கள். அவர் தலையில் மணி இல்லை. கழுதைக் காதும் இல்லை. அரண்மனை உடைக் கணக்கிலும் அவருக்குப் பச்சைத் துணியில் மேலங்கியும் குல்லாயும் தைத்ததாகத்தான் செய்தி வருகிறது. வேலைக்காரருக்குக் கொடுக்கும் சற்றே பகட்டான உடை என்று அதைச் சொல்லலாம்.

அப்படியானால் மணி எங்கிருந்து வந்தது? இடைக்காலக் கையெழுத்துச் சுவடிகளின் ஓரச் சித்திரங்களிலிருந்தும், ஜெர்மானிய மரச்செதுக்குப் படங்களிலிருந்தும் வந்தது. 1494இல் பாசல் நகரில் அச்சான செபாஸ்தியான் பிராண்டின் 'மூடர்களின் கப்பல்' என்னும் நூலின் படங்களில் காதும் மணியும் வைத்த தலைமூடிகள் நிறைய உண்டு. ஆனால் அங்கே அந்த உடையை அணிபவர் அரண்மனை ஊழியர் அல்லர். பேராசைக்காரர், சோம்பேறி, படிக்காத புத்தகத்தை அடுக்கிவைப்பவர் என்று உலகத்து மூடர் அனைவரும் அதை அணிகிறார்கள். உடை ஓர் அடையாளச் சின்னமே தவிர, ஆளின் சீருடை அன்று.

இந்தப் படங்களை ஆங்கில வாசகருக்குத் தொகுத்துக் கொடுத்தவர்கள் பழம்பொருள் ஆராய்ச்சியாளர்கள். பிரான்சிஸ் டவுஸ் 1807இல் ஷேக்ஸ்பியர் நாடகக் கோமாளிகளைப் பற்றி விரிவான ஆய்வுரை ஒன்றைப் படங்களோடு வெளியிட்டார். அதற்கு முன்பே 1801இல் ஜோசப் ஸ்ட்ரட் ஆங்கிலேயரின் பழைய விளையாட்டுகளையும் கேளிக்கைகளையும் நூலாக்கியிருந்தார். பிளான்ஷே 1834இல் பிரிட்டிஷ் உடைகளின் வரலாற்றை எழுதினார். அவரே மேடைக்கு உடை வடிவமைத்தவர், கிறிஸ்துமஸ், ஈஸ்டர் காலங்களுக்கான கேளிக்கை நாடகங்களையும் எழுதியவர். ஜான் டோரன் 1858இல் அரசவைக் கோமாளிகளின் வரலாறு என்றே தனி நூல் எழுதினார். ஓவியரோ உடைத் தையல்காரரோ கோமாளியை உருவாக்கவேண்டுமானால் இவற்றைப் புரட்டினால் போதும்: ஒரு நூலிலிருந்து குல்லாய், இன்னொன்றிலிருந்து தலைக்கோல், மற்றொன்றிலிருந்து இருநிறக் கால்சட்டை.

இதில் ஒரு பின்குறிப்பு உண்டு. ஷேக்ஸ்பியர் நாடகங்களில் குறிப்பிடப்படும் கோமாளி உடையானது பலவண்ண ஒட்டுத்துணி அல்ல, பல நிற நூல்களைக் கலந்து நெய்த முரட்டுத் துணியில் தைத்த நீண்ட அங்கி என்று லெஸ்லி ஹாட்சன் 1952இல் வாதிட்டார். எல்லாரும் அதை முழுமையாக ஏற்கவில்லை. என்றாலும், 19ஆம் நூற்றாண்டுப் படங்களைப் பார்த்துக்கொண்டு 16ஆம் நூற்றாண்டு மேடையை அளக்கக்கூடாது என்ற எச்சரிக்கையாக அது இன்றும் பயன்படுகிறது.

படங்களில் அரசவைக் கோமாளி, கிளவுன், ஹார்லெக்வின், பஞ்ச் ஆகியோரை எப்படிப் பிரித்தறிவது?

அரசவைக் கோமாளிக்குத் தலைமூடி, மணி, தலைக்கோல் ஆகியவை அடையாளம். முகத்தில் சாயம் இருக்காது. வெள்ளைச் சாயம் பூசி, கன்னங்களில் சிவப்புத் திட்டுகள் தீட்டி, மடிப்புக் கழுத்துப்பட்டையும் பகட்டான கால்சட்டையும் போட்டிருந்தால் அவர் பாண்டோமைம் என்னும் பண்டிகைக்கால நாடகத்தின் கிளவுன். அந்தத் தோற்றத்தை நிலைபெறச் செய்தவர் ஜோசப் கிரிமால்டி. உடலை ஒட்டிய வைரக்கட்ட உடை, கறுப்பு முகமூடி, கையில் தட்டையான மட்டை ஆகியவை ஹார்லெக்வினுக்கு உரியவை. கூனும் கொக்கி மூக்கும் முன்தள்ளிய தாடையும் பொம்மலாட்டப் பாத்திரமான பஞ்சுக்கு. பின்னைய இருவரும் இத்தாலிய முகமூடி நாடக மரபில் வந்தவர்கள். அரண்மனைக்கும் அவர்களுக்கும் பிறப்பில் சம்பந்தம் இல்லை.

நடைமுறையில் ஓவியர்கள் இந்த எல்லைகளை மதிக்கவே இல்லை. பஞ்சின் தலையில் கோமாளியின் மணியைக் கட்டினார்கள். கோமாளிக்குக் கிளவுனின் சேட்டைகளைக் கொடுத்தார்கள். குழப்பத்துக்கு இன்றைய வாசகர் வெட்கப்படத் தேவையில்லை.

கிறிஸ்துமஸ் பண்டிகைக்கும் கோமாளிக்கும் என்ன உறவு?

டியூடர் காலத்து அரசவையிலும் பெரிய மாளிகைகளிலும் கல்லூரிகளிலும் கிறிஸ்துமஸ் பன்னிரண்டு நாட்களுக்கென 'குழப்பத்தின் தலைவர்' என்று ஒருவரை நியமிப்பார்கள். பண்டிகை முடியும்வரை அவர் போலி அரசர். ஆணையிடுவார், ஊர்வலம் போவார், கேளிக்கைகளை நடத்துவார். ஆறாம் எட்வர்டின் அரசவையில் 1551ஆம் ஆண்டுக் கிறிஸ்துமஸுக்கு ஜார்ஜ் ஃபெரர்ஸ் என்ற வழக்கறிஞர்-கவிஞர் அப்பொறுப்பை வகித்தார். இவர் கோமாளி அல்லர், பண்டிகை அதிகாரி. ஆண்டு முழுதும் வேலை செய்யும் கோமாளியும் பன்னிரண்டு நாள் மட்டும் ஆட்சி செய்யும் இந்தத் தலைவரும் வேறுவேறு ஆட்கள்.

19ஆம் நூற்றாண்டில் இருவரும் ஒருவராகிப் போனார்கள். தாமஸ் ஹார்வியின் 'கிறிஸ்துமஸ் புத்தகம்' 1836ஆம் ஆண்டையொட்டி ராபர்ட் சீமோரின் படங்களோடு வந்தது. பழைய மாளிகைக் கூடம், எரியும் பெருங்கட்டை, பன்றித்தலைத் தட்டு, துள்ளிவரும் வேடக்காரர் என்று தொலைந்துபோன ஒரு பண்டிகையை நினைவுகூரும் நூல்கள் அதற்கு முன்னும் பின்னும் பல. 1842இல் தொடங்கிய 'இல்லஸ்ட்ரேட்டட் லண்டன் நியூஸ்' கிறிஸ்துமஸ் இதழ்களையும் இணைப்புகளையும் பெரிய விற்பனைப் பண்டமாக ஆக்கியது. 1855ஆம் ஆண்டு இணைப்பில் வண்ணப் படங்களே வந்தன. கென்னி மெடோஸ், ஆல்ஃபிரட் குரோக்வில் போன்றவர்கள் அந்தப் பண்டிகைக் காட்சிகளை ஆண்டுதோறும் வரைந்தார்கள்.

இந்தப் படங்கள் எப்படித் தயாராயின என்பதையும் சொல்லவேண்டும். கெட்டியான பாக்ஸ் மரத்தின் குறுக்குவெட்டு முகத்தில் செதுக்கி அச்சிடுவது அப்போதைய முறை. அந்த மரம் பருமனாக வளர்வதில்லை. ஆதலால் பல சிறு கட்டைகளை இணைத்துப் பெரிய பரப்பாக்கி, அவசரமானால் பிரித்து ஆளுக்கொன்றாகக் கொடுத்துச் செதுக்கி, மறுபடி பூட்டுவார்கள். கறுப்பு வெள்ளைக் கோடுகளில், நெரிசலான கூடத்துக் காட்சியில், ஓர் உருவத்தை வாசகர் கண் உடனே பிடிக்கவேண்டுமென்றால் அதற்குத் தனித்த புறக்கோடு வேண்டும். இரண்டு கூர்க்காதுகளும் நீட்டிய தலைக்கோலும் அதைத் தந்தன. கோமாளி இத்தனை படங்களில் இடம்பெற்றதற்குப் பண்டிகை ஏக்கம் ஒரு காரணமென்றால், செதுக்குவோரின் வசதி அதற்குச் சற்றும் குறையாத காரணம் என்பது என் எண்ணம்.

பாண்டோமைம் என்பது என்ன? அதில் அரசவைக் கோமாளிக்கு இடம் இருந்ததா?

பேசாமல் சைகையால் மட்டும் நடிக்கும் நாடகம் என்று இன்று நாம் அறிவது வேறு. ஆங்கிலேயரின் பாண்டோமைம் என்பது பாட்டும் ஆட்டமும் சேட்டையும் மாயக்காட்சியும் கலந்த பண்டிகைக்கால நாடகம். கிறிஸ்துமஸுக்கு மறுநாளான டிசம்பர் 26 அதன் பெரிய தொடக்க நாள். முதற்பகுதியில் ஒரு தேவதைக் கதையோ நாட்டுப்புறக் கதையோ நடக்கும். பிறகு தேவதை கோலை அசைக்க, காட்சி முழுதும் உருமாறி, கதைமாந்தர் ஹார்லெக்வினாகவும் அவன் காதலி கொலம்பைனாகவும் கிழவன் பாண்டலூனாகவும் கிளவுனாகவும் மாறித் துரத்தலும் திருட்டும் உதையுமாக இரண்டாம் பகுதி ஓடும். கடைவீதியும் தொங்கும் இறைச்சிச் சரங்களும் பழுக்கக் காய்ச்சிய இரும்புக்கம்பியும் அங்கே கிளவுனின் ஆயுதங்கள்.

கிரிமால்டி அந்தக் கிளவுன் வேடத்தை நாடகத்தின் நடுநாயகமாக்கினார். 1806 டிசம்பரில் லண்டனின் கவன்ட் கார்டன் அரங்கில் மேடையேறிய 'மதர் கூஸ்' 92 இரவுகள் ஓடியது. அவர் 1837 மே 31இல் இறந்தார். மூன்று வாரத்துக்குள் விக்டோரியா அரசியானார். ஆகவே, விக்டோரியா காலத்தவர் கொண்டாடிய மகா கிளவுன் அவர்களுக்கு முந்தைய காலத்தவர். அவருடைய நினைவுக்குறிப்புகளை இளைஞரான டிக்கன்ஸ் திருத்தி 1838இல் வெளியிட, குரூக்ஷாங்க் அதற்குப் படம் வரைந்தார்.

அரசவைக் கோமாளி நுழைவது முதற்பகுதியின் வழியாக. அங்கே ஏதோ ஒரு நாட்டு ராஜா, மந்திரி, சமையல்காரர் என்று ஒரு தர்பாரே மேடையில் நிற்கும். இந்தப் பாத்திரங்களுக்குக் காகிதக்கூழில் செய்த பிரம்மாண்டமான தலைகளை மாட்டுவார்கள். ட்ரூரி லேன் அரங்கில் இத்தலைகளை வடிவமைத்துப் புகழ்பெற்ற ரிச்சர்ட் வின் கீன், 'டிக்வின்கின்' என்ற விசித்திரப் பெயரில் கையெழுத்திடுவார். 1843ஆம் ஆண்டுச் சட்டம், வசன நாடகம் நடத்தும் உரிமை சில அரங்குகளுக்கே என்றிருந்த ஏகபோகத்தை நீக்கியது; அதன்பின் சிலேடையும் அரசியல் கேலியும் நிறைந்த வசனம் மற்ற அரங்குகளிலும் தாராளமாகப் பெருகியது. வாயால் சிரிக்கவைக்கும் பாத்திரங்களுக்கு மதிப்புக் கூடியது. உடலால் சிரிக்கவைத்த கிளவுனின் பகுதி ஆண்டுக்கு ஆண்டு சுருங்கியது. 1879 முதல் ட்ரூரி லேனை நடத்திய அகஸ்டஸ் ஹாரிஸ், மியூசிக் ஹால் என்னும் பாட்டும் நகைச்சுவையும் கலந்த கேளிக்கை அரங்குகளின் நட்சத்திரங்களை அழைத்துவந்தார். 1888இலிருந்து அங்கே ஆண்டுதோறும் நடித்த நகைச்சுவை நடிகர் டான் லெனோவுக்குக் குல்லாயும் மணியும் தேவைப்படவில்லை; கிழவி வேடமே போதுமானதாக இருந்தது.

ட்ரூரி லேனில் இன்னொரு பண்டிகை வழக்கமும் உண்டு. ராபர்ட் பேட்லி என்ற நடிகர் 1794இல் இறந்தபோது, ஜனவரி 6ஆம் நாள் நடிகர் குழுவுக்கு ஆண்டுதோறும் கேக்கும் பானமும் வழங்குவதற்காக 100 பவுண்டு எழுதிவைத்துவிட்டுப் போனார். 1795இல் தொடங்கிய அந்தக் கேக் வெட்டுதல் இன்றும் தொடர்கிறது.

'ராணியின் கோமாளி' என்று ஒருவர் இருந்ததாகப் படித்தேனே?

வில்லியம் வாலெட்டைச் சொல்கிறீர்கள். ஹல் நகரத்தில் பிறந்த சர்க்கஸ் கலைஞர். 1844இல் வின்ட்சரில் விக்டோரியா முன்னிலையில் நிகழ்ச்சி நடத்தியபின் அந்தப் பட்டத்தைத் தாமே சூடிக்கொண்டார். அரண்மனை அவரை எந்தப் பதவியிலும் அமர்த்தவில்லை. வட்டமான சர்க்கஸ் களத்தில் இடைக்காலக் கோமாளி உடையணிந்து, ஷேக்ஸ்பியர் வரிகளை இடத்துக்கேற்ப எடுத்துவிட்டுப் பேசுவது அவருடைய பாணி. 1870இல் வந்த தன்வரலாற்றின் தலைப்பிலேயே அந்தப் பட்டம் இருக்கிறது. படங்களில் பிறந்த உடையை ஓர் உயிருள்ள மனிதர் பிழைப்புக்காக அணிந்துகொண்டு, அதையே அரச சான்றிதழாகவும் காட்டியது வியாபாரத் திறமைதான். டான் லெனோவும் 1901இல் சாண்ட்ரிங்ஹாமில் ஏழாம் எட்வர்டு முன் நடித்தபின் 'அரசரின் கோமாளி' எனப்பட்டார்.

ஷேக்ஸ்பியரின் 'லியர் மன்னன்' நாடகத்தின் கோமாளி நூற்றைம்பது ஆண்டுகளுக்கும் மேல் மேடையில் தோன்றவே இல்லையாமே?

உண்மை. கவிஞர் நேஹம் டேட் 1681இல் அந்த நாடகத்தைத் திருத்தி எழுதியபோது கோமாளியை அடியோடு நீக்கினார். லியரின் மகள் கார்டீலியாவைச் சாகவிடாமல் காப்பாற்றி மங்கலமாகவும் முடித்தார். துயரத்துக்கு நடுவே சிரிப்பு வருவது நாகரிகக் குறைவு என்பது அக்காலத்து ரசனை. நடிகர் எட்மண்ட் கீன் 1823இல் துயர முடிவைத் திரும்பக் கொண்டுவந்தார், கோமாளியை மட்டும் கொண்டுவரவில்லை.

1838 ஜனவரியில் கவன்ட் கார்டனில் நடிகர் மக்ரெடி மூலநாடகத்தை மீட்டபோதுதான் கோமாளி திரும்பினான். அப்போதும் மக்ரெடிக்குத் தயக்கம் இருந்தது. வலுவற்ற, அழகிய முகமுள்ள, பாதி பேதையான சிறுவனாக அவனைக் கற்பனை செய்துகொண்டிருந்தார். அப்படியானால் ஒரு பெண்ணே நடிக்கலாமே என்று ஜார்ஜ் பார்ட்லி என்ற நடிகர் சொல்ல, பிரிசில்லா ஹார்ட்டன் அந்த வேடத்தை ஏற்றார். பாட்டில் தேர்ந்த அந்த நடிகையின் கோமாளி பார்த்தவர் மனத்தைக் கவர்ந்தது.

ஓவியத்திலும் இந்தக் கனிவு தென்படுகிறது. வில்லியம் டைஸ் 1851ஆம் ஆண்டையொட்டி வரைந்த 'புயலில் லியரும் கோமாளியும்' எடின்பரோவில் இருக்கிறது. காற்றைப் பார்த்துக் கையை வீசிக் கத்தும் கிழவரையும், அவர் காலடியில் கன்னத்தில் கைவைத்து அண்ணாந்து பார்க்கும் கோமாளியையும் அதில் காணலாம். 1868இல் பிலிப் கால்டரன் காட்சிக்கு வைத்த ஓவியத்தில் சிறுவன் ஹாம்லெட் அரசவைக் கோமாளி யோரிக்கின் முதுகில் குதிரை ஏறி விளையாடுகிறான். ஷேக்ஸ்பியரின் 'ஹாம்லெட்' நாடகத்தில் யோரிக் மண்டையோடாக மட்டுமே வருகிறவன். மூலத்தில் காட்சியாக இல்லாத ஒன்றை, குழந்தையை மகிழ்விக்கும் வீட்டு மனிதனாகக் கோமாளியை மாற்றி, ஓவியர் முழுதாகப் புனைந்திருக்கிறார்.

'பஞ்ச்', 'ஃபன்' போன்ற நகைச்சுவை இதழ்களின் அட்டையில் கோமாளி ஏன்?

'பஞ்ச்' 1841 ஜூலை 17இல் தொடங்கியது. ரிச்சர்ட் டாயல் வரைந்து 1849இல் நிலைபெற்ற அட்டை ஒரு நூற்றாண்டுக்கு மேல் மாறவில்லை. அதன் அடிப்பகுதியில் கழுதைமேல் பஞ்ச் வரும் ஊர்வலம் இத்தாலிய ஓவியர் டிஷியனின் ஓவியத்தைக் கேலியாகத் தழுவியது. பஞ்ச் பொம்மலாட்டத்தில் வந்தவரானாலும் இதழில் அவர் செய்தது கோமாளியின் வேலை: அமைச்சர் பக்கத்தில் நின்று காதைத் திருகுவது. 1861இல் போட்டியாக வந்த 'ஃபன்' நேரடியாகவே மணிக்குல்லாய்க் கோமாளியைத் தன் சின்னமாக வைத்துக்கொண்டது.

அட்டைக்குப் பின்னால் இருந்த ஆட்களைப் பார்த்தால் காரணம் தெளிவாகிறது. 'ஃபன்' இதழின் முதல் ஆசிரியர் எச். ஜே. பைரன், பாண்டோமைம்களும் கேலி நாடகங்களும் எழுதிக் குவித்தவர். 'பஞ்ச்' இதழின் முதல் ஆசிரியர்களுள் ஒருவரான மார்க் லெமனும், 1874 முதல் 1880 வரை அதன் ஆசிரியராக இருந்த டாம் டெய்லரும் நாடகாசிரியர்கள். 'ஃபன்' இதழில் வேடிக்கைப் பாடல்களும் படங்களும் போட்டுப் பிழைப்பைத் தொடங்கியவர் டபிள்யூ. எஸ். கில்பர்ட், 1878இல் ஓர் அமெச்சூர் பாண்டோமைமில் ஹார்லெக்வினாக ஆடியும் இருக்கிறார். வாரந்தோறும் குறித்த நாளுக்குள் சிரிப்பைத் தயாரித்துக் கொடுத்துக் காசு வாங்கும் ஒரு சிறு கூட்டம் அது. அவர்கள் கோமாளியை வரைந்தபோது பெரும்பாலும் தங்கள் தொழிலைத்தான் வரைந்தார்கள்.

இந்தியாவிலும் 'பஞ்ச்' இதழுக்கு வாரிசுகள் தோன்றின. 1877இல் லக்னோவில் தொடங்கிய உருது 'அவத் பஞ்ச்' அவற்றுள் பேர்பெற்றது.

ஆங்கில நாவலாசிரியர் தாக்கரே தம் நாவலின் படங்களில் கோமாளி உடையை எப்படிப் பயன்படுத்தினார்?

'வேனிட்டி ஃபேர்' 1847 ஜனவரி முதல் 1848 ஜூலை வரை மாதப் பகுதிகளாக வந்தது. படங்களும் அவர் வரைந்தவையே. மாத அட்டையில் பீப்பாய்மேல் ஏறி நின்று ஒருவர் கூட்டத்துக்குப் பிரசங்கம் செய்கிறார். அவர் உடை கோமாளியுடை, தலையில் நீண்ட காதுகள். கேட்டுக்கொண்டிருப்பவர்களுக்கும் அதே காதுகள். நூலாக வந்தபோது தலைப்புப் பக்கத்தில் கோமாளி ஒருவன் கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்தபடி கிடக்கிறான். ஒன்பதாம் அத்தியாயத்தின் முடிவில் வரும் சிறு படத்தில் முகமூடியைக் கழற்றிக் கையில் வைத்திருக்கும் கோமாளியின் முகம் தாக்கரேயின் சொந்த முகம்.

பிராண்டின் நூலில் உலகமே மூடர் உடை அணிந்ததை மேலே சொன்னேன். அந்த மரபைப் பொருளறிந்து திரும்பப் பிடித்தவர் விக்டோரியா காலத்தில் தாக்கரே ஒருவர்தான் என்று துணிந்து சொல்வேன். மற்றவர்களிடம் கோமாளி ஓர் அலங்காரம். இவரிடம் அவன் குற்றம் சாட்டுகிறவனும் குற்றவாளியும் ஆகிறான். அவரே 1854 டிசம்பரில் வெளியிட்ட சிறுவர் கதையான 'ரோஜாவும் மோதிரமும்' என்பதற்கு 'அடுப்படிப் பாண்டோமைம்' என்று துணைத்தலைப்பு வைத்தார்.

கோமாளியை ஏன் எப்போதும் சோகமானவனாகக் காட்டினார்கள்?

1836இல் டிக்கன்ஸின் 'பிக்விக்' நாவலின் இரண்டாம் பகுதியில், குடியால் சீரழிந்து சாகும் பாண்டோமைம் நடிகனின் கிளைக்கதை ஒன்று வருகிறது. அதற்கு 'சாகும் கிளவுன்' என்ற படத்தை வரைந்தவர், கிறிஸ்துமஸ் புத்தகத்துக்குப் படம் போட்ட அதே ராபர்ட் சீமோர். அந்தப் படவேலைக்குப் பின் 1836 ஏப்ரல் 20இல் அவர் தற்கொலை செய்துகொண்டார். கிரிமால்டியும் மேடையில் குதித்துக் குதித்து உடல் தேய்ந்து, கடைசி ஆண்டுகளில் நடக்க முடியாமல் இருந்தவர். சிரிக்கவைப்பவனின் துயரம் என்பது வெறும் இலக்கியப் பாவனையாகத் தொடங்கவில்லை.

பின்னர் அது வார்ப்பாகிவிட்டது. பிரெஞ்சு அரசவைக் கோமாளி திரிபூலேயை வைத்து விக்டர் ஹ்யூகோ 1832இல் எழுதிய நாடகம் ஒரே காட்சியோடு தடை செய்யப்பட்டது. அதிலிருந்து பிறந்த வெர்டியின் 'ரிகொலெட்டோ' 1851இல் வெனிஸிலும் 1853இல் லண்டனிலும் அரங்கேறியது. டாம் டெய்லர் அதே கதையைத் தழுவி 1859இல் 'கோமாளியின் பழி' என்று எழுதினார். ஆனால் ஆங்கில ரசனைக்கேற்ப மகளைச் சாகவிடவில்லை.

இவை எல்லாவற்றுக்கும் மேலாக நான் வைப்பது, 1888 அக்டோபர் 3இல் சவாய் அரங்கில் தொடங்கிய கில்பர்ட்-சல்லிவன் இசைநாடகமான 'தி யோமென் ஆஃப் தி கார்டு'. அதில் வரும் ஜாக் பாயின்ட் ஊர் ஊராகத் திரியும் ஏழைக் கோமாளி. மரண தண்டனைக் கைதி ஒருவனைத் தன் துணைவி எல்சி ஒரு மணி நேரத்துக்கு மணந்துகொள்வதற்குப் பணத்துக்காக ஒப்புக்கொள்கிறான். கைதி தப்பிவிடுகிறான், எல்சியின் மனமும் அவனிடம் போய்விடுகிறது. கல்யாண ஆரவாரத்துக்கு நடுவே பாயின்ட் நினைவிழந்து விழுகிறான். பிரதியில் அவ்வளவுதான் இருக்கிறது. அவன் செத்துவிட்டதாகப் பின்வந்த நடிகர்கள் நடித்தார்கள்.

பாயின்ட்டின் துயரத்தில் காதல் பாதி, தொழில் பாதி. தனக்கே பல்வலி இருந்தாலும் சிரிக்கவைக்கவேண்டும், ஒரு சொல் எல்லை மீறினால் சம்பளம் போகும், சொன்ன நகைச்சுவையை மறுபடி சொன்னால் கண்டுபிடித்துவிடுவார்கள் என்ற கவலைகளை அவன் பாட்டிலேயே பட்டியலிடுகிறான். 'ஃபன்' இதழில் வாரக்கணக்கில் எழுதிப் பழகிய கில்பர்ட்டுக்கு அந்தக் கவலைகளைத் தேட டியூடர் காலம்வரை போகவேண்டியிருக்கவில்லை.

சீட்டுக்கட்டின் ஜோக்கருக்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா?

அது அமெரிக்காவில் 1860களில் யூக்கர் என்னும் ஆட்டத்துக்காகச் சேர்த்த கூடுதல் சீட்டு. அதில் கோமாளிப் படம் பின்னர்தான் நிலைத்தது. குறிசொல்லப் பயன்படும் டாரட் சீட்டிலுள்ள மூடன் வழியாக அது வந்ததென்ற கதைக்கு ஆதாரம் இல்லை.

பழைய கோமாளி அச்சுப்படம் ஒன்று விற்பனைக்கு வந்தால் அதன் காலத்தை எப்படிக் கணிப்பது?

'இடைக்காலக் கோமாளி' என்ற விளம்பரத்தோடு வருபவற்றில் பெரும்பகுதி 19ஆம் நூற்றாண்டு இதழிலிருந்து கிழித்தெடுத்த தாள். முதலில் பின்பக்கத்தைப் பாருங்கள். செய்தியோ கதையோ விளம்பரமோ அச்சாகியிருந்தால் அது இதழின் பக்கம். அடுத்து, படத்தின் கீழ் மூலைகளில் செதுக்கியவரின் பெயரைத் தேடுங்கள். டால்ஜியல் சகோதரர்களின் பட்டறைப் பெயர் இருந்தால் விக்டோரியா காலம் என்பதில் ஐயமில்லை. ஜான் கில்பர்ட்டின் ஓவியங்களை அவர்கள் செதுக்க 1858 முதல் 1860 வரை வெளிவந்த ஷேக்ஸ்பியர் பதிப்பிலிருந்து இவ்வகைத் தாள்கள் பல சந்தையில் உலவுகின்றன. படத்தின் நடுவே நேர்கோட்டில் மெல்லிய வெள்ளை இடைவெளி தெரிந்தால், அது கட்டைகளைப் பூட்டிய மூட்டு. வண்ணம் கோட்டைத் தாண்டி வழிந்திருந்தால் கையால் பின்னர் தீட்டியது; விலை பேசும்போது அதைக் கணக்கில் கொள்ளலாம்.